மனநல மருத்துவமனையின் வருகையாளர் வாரியம்: யாரை நியமிக்க வேண்டும்?

(ஜார்ஜ்டவுனில் மூத்த குடிமக்களுக்காக ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவைப் பற்றியோ முட்டிவலியைப் பற்றியோ பேச வந்திருந்தால் உங்களுக்கு மகிழ்ச்சியாக இருந்திருக்கும். அவற்றைப் பற்றிப் பேச டாக்டர்களும் தாதியர்களும் இருக்கிறார்கள். நான் மருத்துவம் படித்தவள் அல்ல. சுகாதார இலாகாவின் படிவங்களையும் கையேடுகளையும் தமிழில் எழுதிக் கொடுப்பது என் வேலை. சில வேளைகளில் நோயாளிக்கும் டாக்டருக்கும் நடுவில் நின்று பேச்சை மாற்றிச் சொல்வதும் உண்டு. அதனால்தான் இந்தத் தலைப்பை என்னிடம் கொடுத்தார்கள் என்று நினைக்கிறேன். இது மருந்தைப் பற்றிய பேச்சு அல்ல, யார் யாருக்காகப் பேசலாம் என்பதைப் பற்றிய பேச்சு.

அரசாங்க மனநல மருத்துவமனைகளுக்கு 'லெம்பாகா பெலாவாட்' என்று ஒரு குழு உண்டு. தமிழில் வருகையாளர் வாரியம் என்கிறோம். இந்த வாரியத்தில் யார் யாரை உட்கார வைக்கிறார்கள், அவர்கள் உள்ளே போய் என்ன செய்ய வேண்டும், நம் குடும்பத்தில் ஒருவர் அங்கே இருந்தால் இந்த வாரியத்தால் நமக்கு என்ன பயன் என்பதுதான் இன்றைய செய்தி.

முதலில் இந்தப் பெயரில் உள்ள சிக்கலைச் சொல்லிவிடுகிறேன். 'பெலாவாட்' என்றால் வருகையாளர். மாலை ஐந்து மணிக்கு ஆஸ்பத்திரிக் கதவைத் திறந்ததும் கூடையில் சோறும் ஆரஞ்சும் எடுத்துக்கொண்டு போகிறோமே, நாமும் பெலாவாட்தான். அதனால் வருகையாளர் வாரியம் என்று தமிழில் படிக்கும்போது பலர், "யாரோ நல்ல மனுசங்க பழம் கொடுக்க வர்றாங்க போல" என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படி அல்ல. இவர்கள் பழம் கொடுக்க வருபவர்கள் அல்ல, பார்த்துக் கேட்டு எழுதி வைக்க வருபவர்கள். இதற்கு இன்னும் பொருத்தமான ஒரு தமிழ்ச் சொல் கிடைத்தால் எனக்குச் சொல்லுங்கள். 'மேற்பார்வையாளர்' என்று போட்டால் தோட்டத்துக் கங்காணி நினைவுக்கு வருகிறார் என்று ஒரு பெரியவர் சொன்னார். அதை விட்டுவிட்டேன்.

'அறங்காவலர் குழு' என்று சொல்லலாமே என்று கேட்டவர்களும் உண்டு. நம் ஊரில் அறங்காவலர் என்ற சொல்லுக்கு ஒரு வரலாறு இருக்கிறது. 1905-ஆம் ஆண்டில் இயற்றிய சட்டத்தின்கீழ், நீரிணைக் குடியேற்றங்களில் இந்து, முஸ்லிம் அறக்கட்டளைச் சொத்துகளைக் கவனிக்க வாரியம் அமைத்தார்கள். இன்று நாம் அறிந்த பினாங்கு இந்து அறப்பணி வாரியம் அந்த வழியில் வந்ததுதான். கோயில் நிலம், கடை வாடகை, உண்டியல் கணக்கு, நகை எல்லாம் அறங்காவலர் பொறுப்பு. சாவி அவர் கையில் இருக்கும். மனநல மருத்துவமனை அப்படி அல்ல. நிலமும் கட்டடமும் அரசாங்கத்துடையவை. மருந்துக்கும் சம்பளத்துக்கும் அமைச்சு பொறுப்பு. சிகிச்சைக்கு டாக்டர் பொறுப்பு. வருகையாளர் வாரியத்திடம் சாவி கிடையாது. பூட்டிய கதவைத் திறக்கச் சொல்லி உள்ளே போய்ப் பார்க்கும் உரிமை உண்டு. கோயிலில் சாவி வைத்திருப்பவரைக் கணக்குக் கேட்கலாம். மருத்துவமனையில் சாவி வைத்திருப்பவரை யார் கேட்பது? அதற்குத்தான் இந்த வாரியம்.

ஏன் கேட்க வேண்டும் என்பதற்குக் கொஞ்சம் பழைய கதை சொல்ல வேண்டும்.

லண்டனில் பெத்லம் என்று ஒரு பழைய மனநோய் மருத்துவமனை. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கேயும் வருகையாளர்கள் நிறையப் பேர். எதற்கு? வேடிக்கை பார்க்க. காசு கொடுத்துவிட்டு உள்ளே போய் நோயாளிகளைப் பார்த்துச் சிரித்துவிட்டு வருவார்கள். 1770-இல்தான் அந்தப் பழக்கத்துக்குக் கட்டுப்பாடு வந்தது. உள்ளே ஆட்கள் போய் வந்தால் மட்டும் போதாது என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம். எந்த நோக்கத்தோடு போகிறார்கள், பார்த்ததை யாரிடம் சொல்கிறார்கள் என்பதுதான் முக்கியம். 1845-இல் இங்கிலாந்தில் ஆணையர்களை நியமித்தார்கள். மனநோய் இல்லங்களைச் சுற்றிப் பார்த்து அறிக்கை எழுதுவது அவர்கள் வேலை.

நம் முன்னோர் கப்பலேறி வந்த சென்னையில் 1794-இலேயே வாலன்டைன் கானலி என்ற அறுவை மருத்துவர் மனநோயாளிகளுக்கு ஓர் இல்லம் நடத்தினார். பின்னர் 1871-இல் அது கீழ்ப்பாக்கத்துக்கு மாறியது. 'கீழ்ப்பாக்கம்' என்று சொன்னாலே தமிழ்நாட்டில் சிரிப்பார்கள். நாம் 'தஞ்சோங் ரம்புத்தான்' என்று சொல்லிச் சிரிப்பது போலத்தான். அந்த நாட்டில் 1912-இல் வந்த சட்டம், ஒவ்வொரு மனநோய் மருத்துவமனைக்கும் குறைந்தது மூன்று வருகையாளர்கள் இருக்க வேண்டும், அவர்களில் ஒருவராவது மருத்துவ அலுவலராக இருக்க வேண்டும் என்றது. மாதம் ஒருமுறையாவது இரண்டு பேர் சேர்ந்து போய் எல்லா இடத்தையும் பார்க்க வேண்டும், பார்த்ததை அதற்கென்று வைத்த புத்தகத்தில் எழுத வேண்டும் என்றும் சொன்னது. நூறு ஆண்டுக்கு முந்தைய சட்டம், வெள்ளைக்காரன் சட்டம், அதில் குறை நிறைய உண்டு. ஆனாலும் அந்தப் புத்தகம் என்ற யோசனை எனக்குப் பிடித்திருக்கிறது. வாயால் சொன்னால் காற்றோடு போய்விடும். எழுதினால் அடுத்த மாதம் வருபவர், "போன மாதம் ஒழுகிய கூரை இன்னும் ஒழுகுகிறதே" என்று கேட்கலாம்.

அதே தமிழ்நாட்டில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்டு 6-ஆம் தேதி நடந்தது உங்களில் பலருக்கு நினைவிருக்கும். இராமநாதபுரம் மாவட்டத்தில் ஏர்வாடி. தர்கா இருக்கும் ஊர். பிள்ளைக்குப் புத்தி தெளிய வேண்டும் என்று மதம் பார்க்காமல் எல்லாரும் போகிற இடம். நம் பக்கத்திலிருந்தும் அந்தத் தர்காவுக்கு நேர்ந்துகொண்டவர்கள் இருப்பீர்கள். தர்காவைச் சுற்றித் தனியார் நடத்திய காப்பகங்கள் இருந்தன. அவற்றில் ஒன்றில் விடியற்காலையில் தீப்பிடித்தது. நோயாளிகளைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்தார்கள். ஓட முடியவில்லை. 28 பேர் இறந்தார்கள். சட்டம் இருந்தது, வருகையாளர் என்ற ஏற்பாடும் சட்டப் புத்தகத்தில் இருந்தது. ஆனால் அந்தக் கொட்டகைகளுக்குள் போய், "ஏன் இவருக்குச் சங்கிலி? யார் போடச் சொன்னது? இவர் பெயர் என்ன?" என்று கேட்டு எழுதி வைத்து, அந்த எழுத்துக்குப் பதில் வரும்வரை விடாமல் இருந்தவர் யாரும் இல்லை. பிறகு உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கை எடுத்துக்கொண்டது. அந்த மாவட்டத்துக் காப்பகங்களை மூடினார்கள்.

அந்தப் பெற்றோரை நான் குறை சொல்ல மாட்டேன். பிள்ளையைக் கொண்டு விட்டவர்கள் பாசம் இல்லாமல் விடவில்லை. வேறு வழி தெரியாமல் விட்டார்கள். வெளியே இருக்கிற நாலு பேர் முறையாக உள்ளே போய்ப் பார்ப்பதற்கு ஏற்பாடு வேண்டும் என்பது அவர்களைப் போன்றவர்களுக்காகவும்தான்.

இனி நம் நாட்டுக்கு வருவோம்.

தஞ்சோங் ரம்புத்தான் மருத்துவமனை 1911-இல் திறக்கப்பட்டது. இன்று அதன் பெயர் உலு கிந்தா பஹாகியா மருத்துவமனை. பஹாகியா என்றால் மகிழ்ச்சி. பெயர் நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நம் வாயில் பழைய பெயர்தான் நிற்கிறது. ஒரு காலத்தில் அங்கே ஆயிரக்கணக்கானவர்கள் இருந்தார்கள். ஜப்பான்காரன் காலத்தில் பசியாலும் நோயாலும் பலர் அங்கே இறந்தார்கள். ரப்பர் தோட்டத்திலிருந்தும், ரயில்வே லைனிலிருந்தும், துறைமுகத்திலிருந்தும் போன தமிழர்கள் பலர். குணமாகியும் கூட்டிப்போக ஆள் வராமல் அங்கேயே முதுமை அடைந்தவர்களும் உண்டு.

பினாங்கிலிருந்து அங்கே போக வேண்டுமானால் அந்தக் காலத்தில் படகேறி பட்டர்வொர்த் போய், ரயிலேறி, தஞ்சோங் ரம்புத்தான் நிலையத்தில் இறங்க வேண்டும். 150 கிலோமீட்டருக்கு மேல். தினக்கூலிக்காரர் மாதம் ஒருமுறை போவதே பெரிய காரியம். போகப் போக வருடம் ஒருமுறை ஆகும், பிறகு பொங்கலுக்கு மட்டும், பிறகு அதுவும் நின்றுபோகும். இதனால்தான் 1958-இல் நம் பினாங்கு ஜெனரல் ஆஸ்பத்திரியில் மனநோய்ப் பிரிவு தொடங்கியதைப் பெரிய விஷயமாகச் சொல்கிறார்கள். நாட்டில் ஒரு பொது மருத்துவமனையில் தொடங்கிய முதல் மனநலப் பிரிவு அதுதான். வயிற்றுவலிக்காரர் படுத்திருக்கும் அதே ஆஸ்பத்திரியில் மனநோய்க்காரரும் படுக்கலாம், குடும்பம் பேருந்தில் வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்ற நிலை இந்த ஊரில்தான் முதலில் வந்தது. நாம் பெருமைப்பட வேண்டிய செய்தி இது. பினாங்குக்காரர்கள் லக்ஸாவைப் பற்றிப் பேசும் அளவுக்கு இதைப் பற்றிப் பேசுவதில்லை.

நம் நாட்டில் இப்போது நடப்பில் இருப்பது 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டம், சட்டம் 615. நாடாளுமன்றத்தில் 2001-இல் நிறைவேறினாலும், விதிமுறைகள் எழுதி முடித்து 2010-இல்தான் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் தீபகற்பத்தில் 1952-ஆம் ஆண்டுச் சட்டம், சபாவில் ஒன்று, சரவாக்கில் ஒன்று என்று தனித்தனியாக இருந்தன.

இந்தச் சட்டப்படி ஒருவர் மனநல மருத்துவமனையில் சேர இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, அவரே சம்மதித்துச் சேர்வது. இன்னொன்று, அவர் சம்மதம் இல்லாமல், உறவினர் விண்ணப்பம் கொடுத்து டாக்டர் பரிந்துரைத்துச் சேர்ப்பது. போலீசும் சமூகநல அதிகாரியும் கொண்டுவந்து சேர்ப்பதும் உண்டு. 2023-இல் சட்டத்தைத் திருத்தி, தீயணைப்புத் துறை, பொதுத் தற்காப்புப் படை போன்றவர்களுக்கும் ஆபத்து நேரத்தில் தலையிட அதிகாரம் கொடுத்தார்கள். அதே ஆண்டில்தான் தற்கொலை முயற்சியைக் குற்றமாகப் பார்த்த தண்டனைச் சட்டத்தின் 309-ஆம் பிரிவையும் நீக்கினார்கள். உயிரை விடப் பார்த்தவரைச் சிறைக்கு அனுப்பாமல் சிகிச்சைக்கு அனுப்ப வேண்டும் என்பது இப்போது சட்டம். இந்த ஒரு செய்தியை மட்டும் நீங்கள் வீட்டுக்குக் கொண்டு போனாலும் போதும். போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விடும் என்று பயந்து மறைத்து வைத்த குடும்பங்கள் நம்மிடையே எத்தனையோ.

சம்மதம் இல்லாமல் சேர்த்தவரை விருப்பம்போல் வைத்திருக்க முடியாது. முதலில் மனநல மருத்துவர் பார்க்க வேண்டும். கொஞ்ச நாளைக்கு வைத்திருக்கலாம் என்று அவர் சொல்லலாம். அதற்கு மேலும் வைக்க வேண்டுமானால் மீண்டும் பரிசோதனை நடக்க வேண்டும், இரண்டு டாக்டர்கள் கையெழுத்துப் போட வேண்டும். அதையும் தாண்டி மாதக்கணக்கில் நீளும்போது, டாக்டர்கள் மட்டும் முடிவு செய்துவிட முடியாது. வருகையாளர் வாரியத்திடம் போக வேண்டும். வெளியே விடச் சொல்லி விண்ணப்பிக்க விரும்பும் நோயாளியும் குடும்பமும் போகும் இடமும் அதுதான்.

இங்கேதான் இது வெறும் ஆலோசனைக் குழு அல்ல என்பது தெரிகிறது. நம் பகுதி கிளினிக்குகளில் சுகாதார ஆலோசனைக் குழு இருக்கிறது. பொது மருத்துவமனைகளுக்கும் வருகையாளர் வாரியம் உண்டு. அவை செய்வது நல்ல வேலை. நாற்காலி வாங்கித் தருவார்கள், தீபாவளிக்கு நோயாளிகளுக்குப் பலகாரம் கொடுப்பார்கள், நம் குறைகளை மேலிடத்துக்குச் சொல்வார்கள். மனநல மருத்துவமனையின் வாரியத்துக்கு அதெல்லாம் மட்டும் போதாது. ஒரு மனிதன் வீட்டுக்குப் போகலாமா, இன்னும் உள்ளே இருக்க வேண்டுமா என்ற கேள்வி அவர்கள் மேசைக்கு வருகிறது. பலகாரம் கொடுக்கத் தெரிந்தவர் எல்லாரும் அந்தக் கேள்விக்குப் பதில் சொல்லத் தெரிந்தவராக இருக்க மாட்டார்.

ஆகவே யாரை நியமிப்பது?

நியமிப்பவர் சுகாதார அமைச்சர். ஆனால் அமைச்சருக்கு ஒவ்வோர் ஊரிலும் யார் நல்லவர் என்று தெரியாது. பெயர்களை ஊர்க்காரர்கள்தான் சொல்ல வேண்டும். நாம் சொல்லாவிட்டால் வேறு யாராவது சொல்வார்கள். இங்கே என் சொந்தக் கருத்தைச் சொல்கிறேன், இலாகாவின் கருத்தாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பெயர்ப்பட்டியல் கேட்டால் நம் சமூகத்தில் முதலில் நினைவுக்கு வருவது பட்டம் பெற்றவர்கள், கோயில் தலைவர்கள், கட்சிக்காரர்கள், கடை முதலாளிகள். டத்தோ வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. டத்தோவுக்கு நேரம் இருக்கிறதா என்றுதான் கேட்கிறேன். ஏற்கெனவே பதினொரு சங்கத்தில் தலைவராக இருப்பவர் பன்னிரண்டாவதாக இதில் சேர்ந்தால், வருகைக்கு வர மாட்டார். வந்தாலும் முன்னறிவிப்போடு வருவார். வாசலில் மாலை போடுவார்கள், படம் எடுப்பார்கள், புதிதாகப் பெயின்ட் அடித்த வார்டைக் காட்டுவார்கள், டீயும் கறிப்பப்பும் கொடுத்து அனுப்பிவிடுவார்கள். பின்கட்டு எப்படி இருக்கிறது என்று அவருக்குத் தெரியாது.

நல்ல வருகையாளர் சொல்லாமல் போக வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போக வேண்டும், ராத்திரிச் சாப்பாட்டு நேரத்தில் போக வேண்டும். தட்டில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். கழிவறைக்குள் எட்டிப் பார்க்க வேண்டும். தனி அறையில் அடைத்திருக்கிறார்களா, கையைக் கட்டி வைத்திருக்கிறார்களா, அதை யார் எழுதி அனுமதித்தது, எத்தனை மணிக்கு அவிழ்த்தார்கள் என்று பதிவேட்டைக் கேட்க வேண்டும். நோயாளிகளுக்கு வரும் உதவித்தொகை அவர்களுக்குப் போய்ச் சேர்கிறதா, துணி அவரவர் துணியா, வீட்டிலிருந்து வரும் கடிதத்தை அவர்களிடம் கொடுக்கிறார்களா என்று பார்க்க வேண்டும். பல்லில்லாத பெரியவருக்கு எல்லாருக்கும் போலவே கோழிக்காலைப் போட்டு வைத்திருக்கிறார்களா என்றும்கூடப் பார்க்க வேண்டும். இதெல்லாம் டாக்டர் படிப்பு இல்லாமலே பார்க்கக்கூடியவை. மாமியார் வீட்டில் கொடுத்த மகளைப் பார்க்கப் போகும் தாய் கண்ணால் எப்படி அளப்பாளோ, அந்தக் கண் வேண்டும். தாதியர்களைச் சந்தேகிக்கச் சொல்லவில்லை. பெரும்பாலோர் ஆள் பற்றாக்குறையோடு போராடிக்கொண்டு வேலை செய்கிறார்கள். ஆள் பற்றவில்லை என்பதை வாரியம் எழுதினால் அவர்களுக்கும்தான் நல்லது.

இரண்டாவது, குடும்பத்தில் மனநோயைப் பார்த்த ஒருவர் வாரியத்தில் இருக்க வேண்டும். இந்தியாவில் 2017-ஆம் ஆண்டில் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம் மறுஆய்வு வாரியம் என்று ஒன்றை வைத்திருக்கிறது. அதில் நீதிபதியும் மனநல மருத்துவரும் இருக்கிறார்கள். அவர்களோடு இரண்டு இடங்கள், மனநோயை அனுபவித்தவர்களுக்கு அல்லது அவர்களைப் பராமரித்தவர்களுக்கு அல்லது அவர்களுக்கான அமைப்புகளைச் சேர்ந்தவர்களுக்கு என்று ஒதுக்கி இருக்கிறார்கள். இதை நாம் கேட்டு வாங்க வேண்டும் என்பது என் எண்ணம். முப்பது வருடம் ஒரு தம்பிக்கு மாத்திரை எடுத்துக் கொடுத்த அக்காவுக்கு, எந்தப் புத்தகத்திலும் இல்லாத விஷயம் தெரியும். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒளித்து வைத்தால் கன்னம் எப்படி இருக்கும் என்று தெரியும். எந்த அமைதி நல்ல அமைதி, எந்த அமைதி புயலுக்கு முந்தியது என்று தெரியும். ஆனால் அந்த அக்கா தன்னை ஒரு தகுதி உள்ள ஆளாக நினைத்துக்கொள்வதில்லை. வெளியே சொல்லவே வெட்கப்படுகிறார். பெயர் கொடுக்கச் சொன்னால், "எனக்கு என்னம்மா தெரியும், நான் ஆறாம் வகுப்பு" என்கிறார்.

மூன்றாவது, மொழி. இது என் தொழில் என்பதால் கொஞ்சம் நேரம் எடுத்துக்கொள்கிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நம் வயதானவர்கள் மனவருத்தத்தை உடம்பால் சொல்வார்கள். "வயிறு எரியுது" என்பார்கள். அதை அப்படியே மலாய்க்கு மாற்றினால் அங்கே கேஸ்ட்ரிக் மாத்திரை எழுதிவிடுவார்கள். பெற்ற பிள்ளை கைவிட்டதால் எரிகிற வயிறு அது. "நெஞ்சு அடைக்குது" என்றால் இதய நோய் என்று இ.சி.ஜி. எடுப்பார்கள். எடுக்கட்டும், அதுவும் தேவைதான். ஆனால் எடுத்து முடித்த பிறகு அந்த அடைப்பு எதனால் என்று யாராவது கேட்க வேண்டுமே. இதற்கு நேர்மாறானதும் உண்டு. "முருகன் எங்கிட்ட பேசினான்" என்று ஒரு பாட்டி சொல்கிறார். அது நோயா, பக்தியா? தினமும் தண்ணீர்மலைக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டு, மனசுக்குள் முருகனிடம் கேட்டுப் பதில் பெறுகிறவர் நம்மில் எத்தனை பேர்! அதே சொல்லை வேறொருவர் சொல்லும்போது, அந்தக் குரல் அவரைச் சாப்பிடாதே, தூங்காதே என்று கட்டளை இடுவதாகவும் இருக்கலாம். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கண்டுபிடிக்க இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்டால் போதும். தமிழில் கேட்க வேண்டும், நம் வீட்டுத் தமிழில். மேடைத் தமிழில் கேட்டால் பாட்டி எழுந்து நின்று கும்பிடு போடுவார், பதில் சொல்ல மாட்டார்.

இன்னொரு சொல் 'புகார்'. மலாய்ப் படிவத்தில் 'அடுவான்' என்று இருக்கும். புகார் என்று மொழிபெயர்த்தால் நம்மவர்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது. "ஐயோ, நான் யார் மேலேயும் புகார் சொல்லலை, எல்லாரும் நல்லாத்தான் பாத்துக்கிறாங்க" என்று சொல்லிவிடுவார்கள். நாளைக்கும் அதே வார்டில்தானே இருக்க வேண்டும் என்ற பயம். அதனால் நான் இப்போதெல்லாம், "என்ன குறை?" என்று எழுதுகிறேன். கேட்கும்போது இன்னும் இறங்கி, "இங்க எது இருந்தா ராத்திரி நல்லாத் தூங்குவீங்க?" என்று கேட்டால் பதில் வருகிறது. ஒருவர் போர்வை என்பார். ஒருவர் பக்கத்துக் கட்டில்காரர் அடிக்கிறார் என்பார். ஒருவர், "வீட்டுக்குப் போனா தூங்குவேன்" என்பார்.

இந்தக் கடைசிப் பதிலைக் கேட்டு எழுதுவதற்குத் தமிழ் தெரிந்த ஒருவர் வாரியத்தில் இருக்கிறாரா என்பதுதான் நாம் கேட்க வேண்டிய கேள்வி. சீனருக்கு ஒருவர், மலாய்க்காரருக்கு ஒருவர், இந்தியருக்கு ஒருவர் என்று எண்ணிக்கைக்காகக் கேட்கவில்லை. இந்தியர் என்று நியமித்த ஒருவருக்குத் தமிழே பேச வராமலும் இருக்கலாம். அதேபோல், நம் பக்கத்து வீட்டுச் சீன ஆன்ட்டி நம்மைவிட நன்றாகத் தமிழ் பேசுவார், தோட்டத்தில் வளர்ந்தவர். அவர் போனாலும் சரிதான். உள்ளே இருக்கும் முதியவரோடு உட்கார்ந்து பேச முடிகிறதா என்பதே கணக்கு.

சிலர் கேட்கிறார்கள்: "சம்பளம் இல்லாத வேலைக்கு யாரம்மா வருவா?" உண்மைதான், இது தொண்டு. பயணச் செலவுக்கு ஏதாவது கிடைக்கலாம், அதற்கு மேல் எதிர்பார்க்க முடியாது. ஆனால் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற ஆசிரியர்கள், தாதியர்கள், துறைமுகக் குமாஸ்தாக்கள், சமூகநல இலாகாவில் இருந்தவர்கள் இந்த மண்டபத்திலேயே உட்கார்ந்திருக்கிறீர்கள். கடைசி மகளுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது, பேரப்பிள்ளைகள் கோலாலம்பூரில். உங்களிடம் நேரம் இருக்கிறது. நாற்பது வருடம் மனிதர்களைப் பார்த்த அனுபவம் இருக்கிறது. அதிகாரியைப் பார்த்துப் பயப்படுகிற வயதையும் தாண்டிவிட்டீர்கள். இந்தக் கடைசித் தகுதி பட்டம் வாங்கியவர்களிடம்கூடச் சில நேரம் இருப்பதில்லை.

சொத்து விஷயத்தையும் சுருக்கமாகச் சொல்லி விடுகிறேன், ஏனென்றால் இதில் குழப்பம் அதிகம். உள்ளே இருப்பவருக்கு வீடு இருக்கும், இ.பி.எஃப். பணம் இருக்கும். வருகையாளர் வாரியம் அதைக் கவனிக்காது. அண்ணன் என்பதற்காக அண்ணன் கையெழுத்துப் போட்டு விற்கவும் முடியாது. உயர் நீதிமன்றத்தில் மனு கொடுத்து, விசாரணை நடத்தி, அவர் சொத்தைக் கவனிக்கும் பொறுப்பாளரை நீதிமன்றம் நியமிக்க வேண்டும். இதற்கும் சட்டம் 615-இல் இடம் இருக்கிறது. வழக்கறிஞர் செலவுக்கு வழியில்லாதவர்கள் அரசாங்கச் சட்ட உதவித் துறையை நாடலாம். உங்களுக்குப் பிறகு பிள்ளையை யார் பார்த்துக்கொள்வது என்ற கவலை இருக்கும் தாய் தகப்பன்மார் இதைக் கையும் காலும் நன்றாக இருக்கும்போதே விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் உறவினர் யாராவது இப்போது மனநல மருத்துவமனையில் இருந்தால், அங்கே மருத்துவச் சமூகப் பணிப் பிரிவு என்று ஒன்று உண்டு. அங்கே போய், "வருகையாளர் வாரியத்துக்கு எழுத வேண்டும்" என்று இந்தச் சொல்லையே சொல்லிக் கேளுங்கள். லெம்பாகா பெலாவாட். தமிழில் எழுதிக் கொடுத்தாலும் தவறில்லை, மாற்றி எழுதுவதற்கு என்னைப் போன்றவர்கள் இருக்கிறோம். பல வருடமாகப் போய்ப் பார்க்காதவர்கள், இப்போது போனால் என்ன சொல்வார்களோ என்று கூசுகிறீர்கள் என்று தெரியும். யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். அடையாள அட்டையை எடுத்துக்கொண்டு போங்கள். நடக்க முடியாதவர்கள் முதலில் போன் செய்து, இன்னார் இருக்கிறாரா என்று மட்டும் கேளுங்கள். உங்களுக்கே மனம் சரியில்லை, யாரிடமாவது பேச வேண்டும் என்றால் சுகாதார அமைச்சின் ஹீல் தொலைபேசி எண் 15555. காலை எட்டு மணி முதல் நள்ளிரவு வரை எடுப்பார்கள்.

வாரியத்துக்குப் பெயர் சொல்ல விரும்புகிறவர்கள், அல்லது தாங்களே வர விரும்புகிறவர்கள், மாநிலச் சுகாதார இலாகாவுக்கோ மருத்துவமனை இயக்குநருக்கோ கடிதம் எழுதலாம். பெயர், வயது, என்ன வேலை பார்த்தவர், என்னென்ன மொழி பேசுவார், வாரத்தில் எந்த நாள் நேரம் இருக்கும் என்று ஒரு பக்கத்தில் எழுதினால் போதும். குடும்பத்தில் மனநோய் உள்ளவரைப் பார்த்துக்கொண்ட அனுபவம் இருந்தால் அதையும் தயங்காமல் எழுதுங்கள், முதல் வரியிலேயே எழுதுங்கள். மாதிரிக் கடிதம் ஒன்று தமிழிலும் மலாயிலும் தயாரித்துப் பின்னால் உள்ள மேசையில் வைத்திருக்கிறேன். எழுத்தைப் பெரிதாகத்தான் அச்சடித்திருக்கிறோம். கண்ணாடி கொண்டு வராதவர்கள் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள், வாசித்துச் சொல்கிறேன்.